மூலப் படைப்பாளிகள் இல்லாத தொடர்ச்சி: 'டாய் ஸ்டோரி 3' படத்தின் இரண்டு வடிவங்கள்

ஒரு படம் வெற்றி பெற்றால் அதன் அடுத்த பாகம் வரும். இது திரையுலகில் பழகிப்போன வழக்கம். ஆனால் முதல் படத்தை உருவாக்கியவர்கள் ஒதுங்கி நிற்க, வேறொரு குழு அந்தப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு அடுத்த பாகத்தைச் செய்தால் என்ன ஆகும்? அசைவூட்டப் படங்களில், அதாவது நாம் பேச்சுவழக்கில் அனிமேஷன் என்று சொல்லும் படங்களில், இந்தக் கேள்வி அடிக்கடி எழுந்திருக்கிறது. அங்கே பாத்திரங்களுக்கு வயதாவதில்லை. நடிகரின் முகமும் தேவையில்லை. எனவே உரிமை கையில் இருந்தால் யாரும் தொடரலாம் என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது.

இந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்க்க ஏற்ற உதாரணம் அமெரிக்காவின் வால்ட் டிஸ்னி நிறுவனம் 2004 முதல் 2006 வரை மேற்கொண்ட ஒரு முயற்சி. பிக்சார் ஸ்டுடியோ உருவாக்கிய 'டாய் ஸ்டோரி' தொடரின் மூன்றாம் பாகத்தைப் பிக்சார் இல்லாமலேயே எடுக்க டிஸ்னி தனியாக ஒரு ஸ்டுடியோவை நிறுவியது. அந்தப் படம் வெளிவரவில்லை. 2010இல் வெளிவந்த 'டாய் ஸ்டோரி 3' பிக்சாரே புதிதாக எழுதி எடுத்த வேறொரு கதை. ஒரே தலைப்புக்கு இரண்டு குழுக்கள் தனித்தனியே யோசித்த இரண்டு கதைகள் இருப்பதால், ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு ஓர் அரிய வாய்ப்புக் கிடைக்கிறது.

உரிமை யாரிடம் இருந்தது?

பிக்சாரும் டிஸ்னியும் 1991இல் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அன்று பிக்சார் பொருளாதார நெருக்கடியில் இருந்த சிறு நிறுவனம். டிஸ்னி பெரிய நிறுவனம். எனவே ஒப்பந்தத்தின் விதிகள் பெரியவர் பக்கமே சாய்ந்திருந்தன. படத்தைப் பிக்சார் உருவாக்கும். படமும் அதன் பாத்திரங்களும் டிஸ்னிக்குச் சொந்தம். தொடர்ச்சிப் படங்கள் எடுக்கும் உரிமையும் டிஸ்னியிடமே இருந்தது. இந்த ஒப்பந்தத்தின்படி 1995 நவம்பரில் வெளிவந்ததுதான் 'டாய் ஸ்டோரி'. முழுக்க முழுக்கக் கணினியில் உருவாக்கப்பட்ட முதல் முழுநீளத் திரைப்படம் அது.

அதன் பெரும் வெற்றிக்குப் பிறகு 1997இல் புதிய ஒப்பந்தம் வந்தது. ஐந்து படங்கள், செலவும் இலாபமும் இரு நிறுவனங்களுக்கும் சமபங்கு. ஆனால் தொடர்ச்சிப் படங்கள் அந்த ஐந்தின் கணக்கில் சேராது. முதலில் வீடியோ நாடாவுக்கென்று திட்டமிடப்பட்டு, பின்னர் திரையரங்குக்கு உயர்த்தப்பட்ட 'டாய் ஸ்டோரி 2' (1999) இந்த விதியால் கணக்கில் சேராமல் போனது. பிக்சார் ஒரு முழுப் படத்தை உழைத்துக் கொடுத்தும் ஒப்பந்தக் கடனில் ஒரு படம்கூடக் குறையவில்லை. இரு தரப்புக்கும் இடையில் கசப்பு வளர இதுவும் ஒரு காரணம்.

டிஸ்னி ஒரு தொடர்ச்சியை விரும்பினால் அதைச் செய்யும் முதல் வாய்ப்பு பிக்சாருக்குத் தரப்படும். பிக்சார் மறுத்தால் டிஸ்னி தானே செய்துகொள்ளலாம். ஒப்பந்தம் எழுதிய நாளில் சாதாரணமாகத் தோன்றிய இந்த விதிதான் பின்னாளில் ஓர் ஆயுதமாயிற்று.

இதைப் புரிந்துகொள்ள வகுப்பறையிலிருந்து ஓர் ஒப்புமை சொல்லலாம். கல்வியாண்டின் நடுவில் ஆசிரியர் மாறினால், புதிதாக வருபவரிடம் வருகைப் பதிவேடு, பாடநூல், பாடத்திட்டம் எல்லாம் ஒப்படைக்கப்படும். சட்டப்படி வகுப்பு அவருடையது. ஆனால் மூன்றாவது பெஞ்சில் இருக்கும் பையன் ஏன் சில நாட்களில் மட்டும் வாய் திறப்பதில்லை என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அதைத் தெரிந்துகொள்ள நாளாகும். தெரிந்துகொள்ளும் விருப்பமும் வேண்டும். டிஸ்னியிடம் இருந்தது பதிவேடு.

பேச்சு முறிந்ததும் பிறந்த ஸ்டுடியோ

'மான்ஸ்டர்ஸ் இன்க்' (2001), 'ஃபைண்டிங் நீமோ' (2003) ஆகிய படங்கள் அடுத்தடுத்து வெற்றி பெற்றபின் பிக்சாரின் நிலை மாறியது. அதன் தலைமைப் பொறுப்பிலிருந்த ஸ்டீவ் ஜாப்ஸ், இனி எடுக்கும் படங்கள் பிக்சாருக்கே சொந்தமாக வேண்டும், டிஸ்னி வெளியீட்டுக் கட்டணம் மட்டும் பெற்றுக்கொள்ள வேண்டும் என்றார். டிஸ்னியின் தலைவர் மைக்கேல் ஐஸ்னர் உடன்படவில்லை. 2004 ஜனவரி இறுதியில் பேச்சுவார்த்தை முறிந்ததாக ஜாப்ஸ் அறிவித்தார்.

அதன்பின் டிஸ்னி தனக்கிருந்த தொடர்ச்சி உரிமையைப் பயன்படுத்த முனைந்தது. கலிஃபோர்னியா மாநிலத்தின் கிளெண்டேல் நகரில் சர்க்கிள் செவன் என்ற புதிய ஸ்டுடியோ தொடங்கப்பட்டது. அது அமைந்திருந்த தெருவின் பெயரே ஸ்டுடியோவின் பெயராயிற்று. பிக்சார் படங்களின் அடுத்த பாகங்களை எடுப்பதுதான் அதன் வேலை. அசைவூட்டத் துறையினர் அதற்கு 'பிக்ஸாரன்ட்' என்று கேலிப்பெயர் வைத்தார்கள். பிக்சார் அல்லாதது என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்விளையாட்டு அது.

கேலி எளிது, அங்கே வேலை செய்தவர்கள் கேலிக்குரியவர்கள் அல்லர். ஸ்டுடியோவை நடத்திய ஆண்ட்ரூ மில்ஸ்டீன் பின்னாளில் வால்ட் டிஸ்னி அசைவூட்ட ஸ்டுடியோவின் தலைவராக உயர்ந்தவர். மூன்றாம் பாகத்தின் இயக்குநராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிராட்லி ரேமண்ட் அனுபவமுள்ளவர். திரைக்கதை எழுதிய ஜிம் ஹெர்ஸ்ஃபெல்ட் 'மீட் தி பேரண்ட்ஸ்' என்ற வெற்றிப்படத்தின் எழுத்தாளர்களில் ஒருவர். திறமைக் குறைவு என்று சொல்லி இந்த விஷயத்தை முடித்துவிட முடியாது.

எழுதப்பட்ட கதைகள்

சர்க்கிள் செவனில் மூன்று தொடர்ச்சிகள் எழுத்து நிலையில் வளர்ந்தன. அவற்றின் கதைச் சுருக்கங்கள் பின்னர் வெளியே தெரியவந்தன.

'டாய் ஸ்டோரி 3': விண்வெளி வீரன் பொம்மையான பஸ் லைட்இயர் பழுதடைகிறான். சரிசெய்து திரும்பி வருவான் என்ற நம்பிக்கையில் மற்ற பொம்மைகள் அவனை அவன் தயாரிக்கப்பட்ட தைவானுக்கு அனுப்பிவைக்கின்றன. பிறகுதான் அந்த வகைப் பொம்மைகள் அனைத்தும் குறைபாடு காரணமாகத் திரும்பப் பெறப்படுகின்றன என்று தெரிகிறது. பஸ்ஸைக் காப்பாற்ற வுடியும் நண்பர்களும் தைவானுக்குப் புறப்படுகிறார்கள்.

'மான்ஸ்டர்ஸ் இன்க்' இரண்டாம் பாகம்: மைக்கும் சல்லியும் சிறுமி பூவைப் பார்க்கப் போகிறார்கள், அவள் குடும்பம் வீடு மாறிவிட்டது, இருவரும் மனித உலகில் மாட்டிக்கொள்கிறார்கள்.

'ஃபைண்டிங் நீமோ' இரண்டாம் பாகம்: நீமோவுக்குத் தொலைந்துபோன சகோதரன் ஒருவன் இருப்பது தெரியவருகிறது, இம்முறை பிடிபடுவது தந்தை மார்லின்.

இவற்றை மோசமான கதைகள் என்று ஒதுக்கிவிட முடியாது. தைவான் கதையில் ஒரு நல்ல விதை இருக்கிறது. தன்னைப் போன்ற ஆயிரக்கணக்கான பொம்மைகளோடு குப்பைக்குப் போகக் காத்திருக்கும் ஒரு பொம்மையின் மனம் எப்படியிருக்கும் என்பது சிந்திக்கத்தக்க விஷயம்தான். ஆனால் மூன்று சுருக்கங்களையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. மூன்றும் முந்தைய படத்தின் நிகழ்ச்சிகளையே இடம் மாற்றி வைக்கின்றன. இரண்டாம் பாகத்தில் கடத்தப்பட்டவன் வுடி, காப்பாற்றப் போனவன் பஸ். இங்கே காணாமற் போனவன் பஸ், காப்பாற்றப் போகிறவன் வுடி. முதல் நீமோவில் மகனைத் தேடினார்கள். இங்கே தந்தையைத் தேடுகிறார்கள். மான்ஸ்டர்ஸ் கதையில் முதலில் குழந்தை அரக்கர் உலகில் சிக்கியது. இங்கே அரக்கர்கள் மனிதர் உலகில் சிக்குகிறார்கள்.

வெளியிலிருந்து ஒரு படத்தைப் பார்ப்பவருக்கு முதலில் கண்ணில் படுவது நிகழ்ச்சிகள். அவற்றைத் திருப்பிப் போடுவது இயல்பாக வருகிற முதல் யோசனை. பாத்திரங்கள் என்ன செய்தார்கள் என்பதை எவரும் படம் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். எந்தக் கேள்வி இன்னும் விடை காணாமல் நிற்கிறது என்பதைக் கண்டுகொள்வது அவ்வளவு எளிதன்று.

இன்னொரு நியாயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். இவை முதல் நிலை வரைவுகள். பிக்சாரின் முதல் வரைவுகளும் சிறந்தவை அல்ல. 1993 நவம்பரில் 'டாய் ஸ்டோரி'யின் ஆரம்ப வடிவத்தை டிஸ்னி அதிகாரிகளுக்குப் போட்டுக் காட்டியபோது, வுடி எவருக்கும் பிடிக்காத கொடூரமான பாத்திரமாக இருந்தான். தயாரிப்பே நிறுத்தப்பட்டது. பிக்சார் குழு அவகாசம் கேட்டு வாங்கி, கதையைத் திருத்தி எழுதியபிறகே வேலை தொடர்ந்தது. ஆகவே, சர்க்கிள் செவன் படம் நிச்சயம் தோற்றிருக்கும் என்று தீர்ப்பெழுத நமக்கு உரிமை இல்லை. மோசமான வரைவு நல்ல படமாக மாறுவதற்கு என்ன தேவை, அது அவர்களுக்குக் கிடைத்திருக்குமா என்று கேட்பதே முறை.

பிக்சாருக்குள்ளேயே நடந்த சோதனை

இக்கேள்விக்கு விடை தருவது 'டாய் ஸ்டோரி 2'. அந்தப் படமும் ஒருவகையில் மூலப் படைப்பாளிகள் இல்லாமல்தான் தொடங்கியது. ஜான் லாசெட்டர், ஆண்ட்ரூ ஸ்டான்டன் முதலிய முதல் படத்தின் முக்கியக் கதையாளர்கள் 'எ பக்ஸ் லைஃப்' (1998) படத்தில் மூழ்கியிருந்தார்கள். இரண்டாம் பாகம் அதே நிறுவனத்தில், அதே பாத்திர வடிவங்களோடு வேறொரு குழுவிடம் விடப்பட்டது. வேலை முடிவை நெருங்கும்போது லாசெட்டர் திரும்பி வந்து பார்த்தார். படம் தேறாது என்று முடிவாயிற்று. வெளியீட்டுக்கு ஏறத்தாழ ஒன்பது மாதங்களே இருந்தன. படத்தை மாற்றியமைக்க அந்தக் காலம் போதாது என்று டிஸ்னி தரப்பு கருதியும், பிக்சார் கதையைப் பிரித்துப் போட்டு மீண்டும் கட்டியது.

குறை எங்கே இருந்தது என்பதைப் பிக்சாரின் தலைவராயிருந்த எட் கேட்முல் தமது நூலில் விளக்கியிருக்கிறார். கதையில் வுடிக்கு இரண்டு வழிகள். ஜப்பானிலுள்ள பொம்மை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேதமின்றி நெடுங்காலம் வாழலாம். அல்லது என்றாவது ஒருநாள் வளர்ந்து தன்னைக் கைவிடப்போகிற ஆண்டியிடம் திரும்பலாம். ஆனால் பழைய வடிவத்தில் வுடி ஆண்டியிடம்தான் போவான் என்பது பார்ப்பவருக்கு முன்பே தெரிந்துவிடும். தேர்வு என்று ஒன்று உண்மையில் இல்லை. திருத்திய வடிவத்தில் ஜெஸ்ஸி என்ற பொம்மையின் கதை ஒரு பாடலாக வந்தது. அவளை நேசித்த சிறுமி வளர்கிறாள், கட்டிலுக்கடியில் மறந்துபோகிறாள், ஒருநாள் பெட்டியில் போட்டுச் சாலையோரம் விட்டுவிட்டுப் போகிறாள். அதைக் கேட்டபிறகு, வுடி ஜப்பானுக்குப் போக நினைத்தால் நாம் அவனைக் குறைசொல்ல முடியாது. தேர்வு உண்மையானதாகிறது.

இதிலிருந்து இரண்டு பாடங்கள். ஒன்று, 'அசல் ஸ்டுடியோ' என்ற பெயர்ப்பலகை மட்டும் போதாது. அதே ஸ்டுடியோவில் இருந்தும் மற்றொரு குழுவால் அந்தக் கேள்வியின் கூர்மையைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு, மூலக் குழுவின் பலம் முதல் முறையே சரியாகச் செய்வதில் இல்லை. தவறு என்று கண்டதும் முடித்த வேலையைக் கலைத்துவிட்டுத் திரும்பத் தொடங்கும் அதிகாரம் அவர்களிடம் இருந்தது.

அந்த அதிகாரத்துக்கு மனிதர்கள் விலை கொடுத்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. ஒன்பது மாத வேலையில் பலருக்குக் கை, மணிக்கட்டு வலி நிரந்தரத் தொல்லையாயிற்று. களைத்துப்போன ஓர் ஓவியர், குழந்தைகள் காப்பகத்தில் விடவேண்டிய தம் கைக்குழந்தையை மறந்து வெயிலில் நின்ற காரிலேயே விட்டுவிட்டு வேலைக்கு வந்துவிட்டார். நல்லவேளையாகக் குழந்தை காப்பாற்றப்பட்டது. இந்த நிகழ்ச்சியையும் கேட்முலே எழுதியிருக்கிறார். நல்ல தொடர்ச்சிப் படத்தைப் புகழும்போது இந்தக் கணக்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

2010இல் வெளிவந்த மூன்றாம் பாகம்

2005 அக்டோபரில் டிஸ்னியின் தலைமைப் பொறுப்பு பாப் ஐகரிடம் வந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்னர் ஹாங்காங் டிஸ்னிலாந்து திறப்புவிழா அணிவகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவருக்கு ஓர் உண்மை உறைத்தது. கடந்த பத்தாண்டுகளில் பிறந்து அந்த ஊர்வலத்தில் இடம்பெற்ற பாத்திரங்கள் எல்லாம் பிக்சார் உருவாக்கியவை. 2006 ஜனவரி 24 அன்று, 740 கோடி டாலர் மதிப்புள்ள பங்குப் பரிமாற்றத்தில் டிஸ்னி பிக்சாரை வாங்குவதாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதத்தில் சர்க்கிள் செவன் மூடப்பட்டது. பணியாளர்களில் பெரும்பாலோர் டிஸ்னியின் அசைவூட்டப் பிரிவுக்கு மாற்றப்பட்டார்கள், சிலர் வேலையிழந்தார்கள்.

டிஸ்னி அசைவூட்டம், பிக்சார் இரண்டுக்கும் கேட்முலும் லாசெட்டரும் பொறுப்பேற்றபின் மூன்றாம் பாகம் தொடக்கத்திலிருந்து எழுதப்பட்டது. இயக்குநர் லீ அன்கிரிச்சும் அவரது குழுவும் சர்க்கிள் செவனின் திரைக்கதையைப் படிக்கவே வேண்டாம் என்று முடிவுசெய்தார்கள். திரைக்கதையை மைக்கேல் ஆர்ன்ட் எழுதினார்.

அவர்கள் எடுத்துக்கொண்ட கதை நேரானது. ஆண்டிக்குப் பதினேழு வயது, கல்லூரிக்குக் கிளம்புகிறான். பொம்மைகளை என்ன செய்வது? இரண்டாம் பாகத்தில் வுடி ஜப்பானை மறுத்துத் திரும்பியபோதே, ஒருநாள் ஆண்டி வளர்ந்துவிடுவான் என்று தெரிந்தேதான் திரும்பினான். அந்த ஒருநாள் வந்துவிட்டது. பதினொரு ஆண்டுகளுக்கு முன் கொடுத்த வாக்கைப் படம் நிறைவேற்றுகிறது. தவறுதலாகக் குழந்தைகள் காப்பகத்துக்குப் போய்ச் சேர்வது, லாட்சோ என்ற கரடிப் பொம்மையின் கொடுங்கோல், குப்பை எரிக்கும் உலையின் வாயில் பொம்மைகள் கைகோத்து நிற்பது என்று சாகசங்களுக்குக் குறைவில்லை. ஆனாலும் பார்த்தவர்கள் நினைவில் நிற்பது இறுதிக் காட்சி. ஆண்டி தன் பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிச் சிறுமி போனியிடம் ஒப்படைக்கிறான். வுடியைத் தர அவன் கை ஒரு கணம் தயங்குகிறது.

முதல் படத்தில் சிறுவன் ஆண்டிக்குக் குரல் கொடுத்த ஜான் மோரிஸே வளர்ந்த ஆண்டிக்கும் குரல் கொடுத்தார். படத்தில் ஆண்டி வளர்ந்ததுபோல் குரல் கொடுத்தவரும் வளர்ந்திருந்தார். முதல் பாகத்தைச் சிறுவயதில் பார்த்தவர்களும் அப்போது கல்லூரி வயதில் இருந்தார்கள்.

தொழில்நுட்பம் தொடர்பாகவும் ஒரு செய்தி உண்டு. மூன்றாம் பாகத்துக்காகப் பிக்சார் தன் பழைய கணினிக் கோப்புகளைத் திறந்தபோது, அவற்றில் திருத்தம் செய்ய முடியவில்லை. வுடியையும் பஸ்ஸையும் மறுபடி முதலிலிருந்து உருவாக்க வேண்டியிருந்தது. அதாவது அசல் ஸ்டுடியோவிடம்கூட அசல் பொம்மைகள் மிஞ்சவில்லை. முப்பரிமாண வடிவங்களை யார் வேண்டுமானாலும் மறுபடி உருவாக்கியிருக்கலாம். பிக்சாரிடம் தொடர்ந்து இருந்தவர்கள் முதல் படத்தில் வேலை செய்த மனிதர்கள்.

படம் உலகெங்கும் 100 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. சிறந்த அசைவூட்டப் படம், சிறந்த பாடல் ஆகிய இரண்டு ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. சிறந்த திரைப்படத்துக்கான பட்டியலிலும் இடம்பெற்றது.

எதிர்ச் சான்றுகள்

இத்துடன் நிறுத்தினால், 'மூலப் படைப்பாளிகள் இருந்தால் வெற்றி, இல்லையேல் தோல்வி' என்ற எளிய சூத்திரம் கிடைத்துவிடும். உண்மை அவ்வளவு எளிதாக அடங்கவில்லை.

டிஸ்னியே 1994இல் 'தி ரிட்டர்ன் ஆஃப் ஜாஃபர்' என்ற 'அலாதீன்' தொடர்ச்சியை நேரடியாக வீடியோ நாடாவில் வெளியிட்டது. முதல் படத்தின் உயிராயிருந்த ராபின் வில்லியம்ஸ் குரல் அதில் இல்லை. பூதத்துக்கு டான் காஸ்டெல்லனெட்டா குரல் கொடுத்தார். படத்தின் தரம் குறைவு, விற்பனையோ அமோகம். அதன்பின் பத்தாண்டுக்கும் மேலாக 'சிண்ட்ரெல்லா', 'பாம்பி' போன்ற பழைய படங்களுக்கெல்லாம் வீட்டில் பார்க்கும் தொடர்ச்சிகள் வரிசைகட்டின. இவற்றைச் செய்தவை பெரும்பாலும் முதன்மை ஸ்டுடியோ அல்லாத கிளைகள். 2002இல் வந்த 'சிண்ட்ரெல்லா' இரண்டாம் பாகம் மூன்று குட்டிக் கதைகளைச் சேர்த்துத் தைத்ததுபோல் இருந்தது.

ஆனால் அதே வரிசையில் 2004இல் 'தி லயன் கிங் 1½' வந்தது. 'தி லயன் கிங்' கதையை டைமோன், பும்பா என்ற இரு வேடிக்கைப் பாத்திரங்களின் பக்கமிருந்து திரும்பச் சொல்லும் படம் அது. இருவரும் திரையரங்கில் அமர்ந்து தங்கள் படத்தைத் தாங்களே பார்த்து விமர்சிப்பதுபோல் அமைந்திருக்கிறது. மூலக் கதையின் அரியணைச் சண்டையோடு போட்டி போடாமல், அந்தக் கதை கவனிக்காமல் விட்ட ஓர் ஓரத்தை எடுத்துக்கொண்டதால் படம் தன் காலில் நின்றது. இதை இயக்கியவர் பிராட்லி ரேமண்ட், அதாவது சர்க்கிள் செவனின் 'டாய் ஸ்டோரி 3'க்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். பிறர் படத்தைத் தொடர்ந்து எடுப்பது எப்படி என்று அறிந்தவரே அந்த வேலைக்கு அமர்த்தப்பட்டிருந்தார்.

மறுபக்கம் 2011இல் வெளிவந்த 'கார்ஸ் 2'வைப் பாருங்கள். பிக்சாரே எடுத்தது, முதல் பாகத்தின் இயக்குநர் லாசெட்டரே இயக்கியது. ஆயினும் அதுவரை வந்த பிக்சார் படங்களில் விமர்சகர்களிடம் மிக மோசமான வரவேற்பைப் பெற்றது அதுதான். சிறந்த அசைவூட்டப் படத்துக்கான ஆஸ்கர் விருது ஏற்படுத்தப்பட்ட பின்னர் வெளிவந்த பிக்சார் படங்களில், அந்தப் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெறாத முதல் படமும் அதுவே. முதல் பாகத்தில் வேகமாகவே ஓடிப் பழகிய ஒரு பந்தயக் கார், ஒரு சிற்றூரில் நிதானத்தைக் கற்றுக்கொண்டது. இரண்டாம் பாகம் அந்தப் பாடத்தை விட்டுவிட்டு உளவாளிச் சாகசத்துக்குத் தாவியது. கார்ஸ் பொம்மைகளின் விற்பனை அப்போது கொடிகட்டிப் பறந்ததையும் விமர்சகர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

மதிப்பீடு

மேற்கண்ட படங்களை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது தெரிவது இது: மூலப் படம் விட்டுச்சென்ற கேள்வியைத் தொடர்ச்சிப் படம் கையிலெடுக்கிறதா என்பதைப் பொறுத்தே அதன் தரம் அமைகிறது. 'டாய் ஸ்டோரி 3' எடுத்தது, சிறந்தது. 'லயன் கிங் 1½' தன் அளவுக்கு ஒரு சிறு கேள்வியை எடுத்தது. அந்த அளவுக்குத் தேறியது. 'கார்ஸ் 2' கேள்வியைக் கைவிட்டது. அசல் கைகளில் இருந்தும் தடுமாறியது.

அப்படியானால் அசல் ஸ்டுடியோ வேண்டியதில்லையா? வேண்டும் என்பதே என் கருத்து. காரணம்தான் பொதுவாகச் சொல்லப்படுவதிலிருந்து வேறு. மூலக் குழுவுக்கு அந்தக் கேள்வி நினைவிருக்கும் வாய்ப்பு அதிகம். ஒரு பாத்திரத்துக்காக எழுதிக் கிழித்துப் போட்ட காட்சிகள் எத்தனை, எந்த வுடியை ஏன் கைவிட்டோம் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். திரையில் வராத அந்த அனுபவம் ஒப்பந்தத்தோடு கைமாறுவதில்லை. புதிய குழு அதைத் தன் உழைப்பால் ஈட்டிக்கொள்ளலாம். ஆனால் அதற்குக் காலமும் கலைத்துப் போடும் சுதந்திரமும் வேண்டும்.

சர்க்கிள் செவனுக்கு நேர்ந்த அநீதி இங்கேதான். அந்த ஸ்டுடியோ ஒரு கதை சொல்லும் ஆசையில் பிறக்கவில்லை. ஒரு பேரம் முறிந்ததில் பிறந்தது. நீங்கள் இல்லாமலும் எங்களால் முடியும் என்று பிக்சாருக்குக் காட்டுவதே அதன் இருப்புக்கான காரணமாக இருந்தது. பேரம் படிந்த அன்று அதன் தேவையும் தீர்ந்தது. அங்கே உழைத்த எழுத்தாளர்களும் ஓவியர்களும் மனமாரவே வேலை செய்திருப்பார்கள். ஆனால் தங்கள் வரைவைத் தூக்கியெறிந்துவிட்டு ஒன்பது மாதம் கேட்டு வாங்கும் நிலை அவர்களுக்கு ஒருபோதும் வாய்த்திருக்காது. பேச்சுவார்த்தை மேசையில் சீட்டாக வைக்கப்பட்ட ஒரு படம் தன் கதையைத் தானே தேடிக்கொள்வது கடினம்.

ஒரு படைப்பின் மீது சட்டப்படியான உரிமை வேறு, அதைத் தொடரும் தகுதி வேறு. முன்னதை விலை கொடுத்து வாங்கலாம். டிஸ்னி 1991இலேயே வாங்கியிருந்தது. 2006இல் 740 கோடி டாலர் கொடுத்துப் பிக்சாரை வாங்கியபோது அந்தப் பாத்திரங்களுக்காக அது பணம் கொடுக்கவில்லை. அவை ஏற்கெனவே அதனுடையவை. பின்னதற்காக, அந்தப் பாத்திரங்களை எழுதத் தெரிந்தவர்களுக்காகத்தான் கொடுத்தது. தொடர்ச்சி உரிமையின் உண்மையான மதிப்பு எவ்வளவு என்பதற்கு இதைவிடத் தெளிவான விலைச்சீட்டு கிடைக்காது.

மாணவர்கள் கவனத்திற்கு

திரைப்படமோ இலக்கியமோ, ஒரு தொடர்ச்சியை மதிப்பிட முற்படும் மாணவர்கள் பின்வரும் கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

1. முதல் படைப்பு எந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் நின்றது? அதை ஒரே வாக்கியத்தில் எழுத முடிகிறதா?
2. தொடர்ச்சி அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறதா, அல்லது பழைய நிகழ்ச்சிகளை ஆள்மாற்றி, இடம்மாற்றி வைக்கிறதா?
3. பாத்திரம் எடுக்கும் முடிவு நமக்கு முன்பே தெரிந்துவிடுகிறதா? அந்த முடிவால் அது எதை இழக்கிறது?
4. இந்தப் படைப்பு யாருடைய தேவைக்காகத் தொடங்கப்பட்டது? செய்தவர்களுக்குத் திருத்தி எழுதும் அவகாசம் இருந்ததா?

முதல் மூன்றுக்கும் விடை படத்திலேயே இருக்கிறது. நான்காவதற்குத் தயாரிப்பு வரலாற்றைப் படிக்க வேண்டும். எடுத்தவர்கள் பெயரை மட்டும் பார்த்துப் படத்தை முன்கூட்டியே ஏற்பதும் ஒதுக்குவதும் விமர்சனம் ஆகாது. 'கார்ஸ் 2' நமக்கு முதல் எச்சரிக்கை. 'தி லயன் கிங் 1½' இரண்டாவது.